அழைப்பு வேட்டு

அன்று ஊரே என் தம்பியிடம் அத்தனை பிரியமாக இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

டெலானி துறை என்ற எங்கள் ஊரில் வருடா வருடம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை கோடை விழா நடக்கும். காசு கிடையாது, டிக்கெட் கிடையாது, வேலி கிடையாது. காலையிலேயே ஏரிக்கரைப் பூங்காவுக்கு வந்து புல்லில் கம்பளியை விரித்து இடம் பிடித்துவிட்டுப் போய்விடுவோம். சாயங்காலம் வரை அதை ஒருத்தரும் தொடமாட்டார்கள். தொட்டால் அந்தக் குடும்பத்தைக் காலம் முழுக்கப் பேசியே தீர்த்துவிடுவோம். மாலையில் ஊர் பேண்டு வாசிக்கும். பிள்ளைகள் சுப்பீரியர் ஏரியில் குளித்துவிட்டு உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடிக்க ஓடி வருவார்கள். வடகோடியில் இருக்கும் எங்கள் பக்கம் ஜூலையில் லேசில் இருட்டாது. கொசுக்கடி தாங்காமல் எல்லோரும் திட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவழியாக வானம் கறுத்து வாணவேடிக்கை தொடங்கும்.

ஆனால் விழா ஆரம்பமாவது அதற்கு வெகு முன்னால். பேண்டு முதல் பாட்டை முடித்த கையோடு, அலைதடுப்புச் சுவரின் நுனியிலிருந்து தீயணைப்புக்காரர்கள் மூன்று அதிர்வேட்டு போடுவார்கள். அதற்கு அழைப்பு வேட்டு என்று பெயர். இரும்புத் தாது ஏற்றும் கப்பல்கள் வந்துபோன காலத்தில், படகில் மீன் பிடிக்கப் போனவர்களைக் கரைக்குக் கூப்பிட ஆரம்பித்த வழக்கம். இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, கூப்பிடுவதற்குப் படகில் ஆளும் இல்லை, வேட்டு மட்டும் நிற்கவில்லை. அதை வாணவேடிக்கையோடு சேர்த்துப் பேசினால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பொல்லாத கோபம் வரும். அது வேறு, இது வேறு என்பார்கள். ஒரு வருடம் மழையில் மருந்து நமுத்து மூன்றாவது வேட்டு வெடிக்காமல் போயிற்று. அந்த வருடம் மீன் கிடைக்காததை அதன் தலையில்தான் கட்டினார்கள்.

நான் ஐலா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். ரெய்னோ எனக்கு ஒரே தம்பி. பட்டாளத்தில் சேர்ந்து பாலைவனத்தில் சண்டைக்குப் போய்த் திரும்பி வந்தவன். கை கால் எல்லாம் முழுசாகத்தான் வந்தான். அதனாலேயே ஊரில் பாதிப் பேருக்கு அவனுக்கு என்ன குறை என்று புரியவில்லை. பக்கத்தில் எதாவது படாரென்று சத்தம் கேட்டால் அவன் தரையில் கிடப்பான். எழுந்த பிறகு நாலைந்து நாள் யாரோடும் பேசமாட்டான். அவ்வளவுதான் அவன் குறை. போதாதா?

அதனால் விழா நாளன்று நானும் அவனும் காட்டுக்குள் இருக்கும் எங்கள் அப்பாவின் வேட்டைக் குடிலுக்குப் போய்விடுவோம். அங்கே ஒரு சத்தமும் எட்டாது. சீட்டு விளையாடுவோம், இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டியைச் சுட வைத்துத் தின்போம். அவன் தோற்றால் சீட்டைக் குலைத்துவிட்டு, "அக்கா, நீ கள்ள ஆட்டம் ஆடறே" என்று சண்டை பிடிப்பான். என் கணவன் லோவெல் எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையின் தலைவன். சம்பளம் இல்லாத வேலைதான். வேட்டும் வாணமும் அவன் பொறுப்பு, அதனால் அவன் ஊரிலேயே இருப்பான். கல்யாணமான பிறகு ஒரு விழாவுக்குக்கூட நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்தது. ஆனால் தம்பியை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

போன குளிர்காலத்தில் எல்லாம் மாறியது. ரெய்னோ தன் வீட்டு வண்டிக் கொட்டகைக்குள் உட்கார்ந்து டிராம்போன் என்ற நீள் பித்தளைக் குழலை வாசிப்பான். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டது. அந்த வழியாக நாயைக் கூட்டிக்கொண்டு நடந்துபோன ஜாய்ஸ் ஓலிலா அதைக் கேட்டுவிட்டாள். ஜாய்ஸ்தான் ஊர் பேண்டை நடத்துகிறவள். அவளுக்கு வெட்கமும் கிடையாது, தயக்கமும் கிடையாது. நேராகக் கதவைத் தட்டியிருக்கிறாள்.

"என்னய்யா, இவ்வளவு நல்லா வாசிக்கறவன் இங்க பனி அள்ளற மண்வெட்டிக்கா கச்சேரி நடத்தறே? என்கிட்ட டிராம்போனுக்கு ரெண்டு கிழம்தான் இருக்கு. ஒருத்தருக்குப் பல்செட் நிக்கல. செவ்வாக்கிழமை மாதா கோயில் நிலவறைக்கு வந்து சேரு."

அவன் போனான். எனக்கே நம்ப முடியவில்லை. முதல் நாள் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்தான். பனி உருகுவதற்குள் பேண்டில் எல்லோரையும் கேலி செய்கிற அளவுக்கு வந்துவிட்டான். அவனுக்குப் பக்கத்தில் டியூபா என்ற பெரிய ஊதுகுழல் வாசிக்கிற ஹார்வி கிழவர் சுத்தச் செவிடு. காதில் மாட்டுகிற கருவியை மேடையில் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார், ஜாய்ஸின் கையை மட்டும் பார்த்து வாசிப்பார். "ஊர்லயே நிம்மதியா வாசிக்கற ஆளு அவர்தான், எங்க வாசிப்பு அவருக்குக் கேக்காது" என்று ரெய்னோ என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது. அன்றைக்கு பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான்.

கோடை நெருங்கியதும் விழாப் பேச்சு வந்தது. ரெய்னோ எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாரும் மேடையில இருப்பாங்க, நான் காட்டுல உன்கூட சீட்டு ஆடுவேன். என்ன பண்றது" என்றான். குரலில் விளையாட்டு இருந்தாலும் முகத்தில் இல்லை. அவனுக்கு அந்த மேடை வேண்டும். தன் ஊர்க்காரர்கள் முன்னால், எல்லோரையும் போல ஒரு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரே ஒரு சாயங்காலம் உட்கார வேண்டும். அதற்குமேல் அவன் இந்த உலகத்தில் எதையும் கேட்டவனில்லை.

லோவெல்தான் வாயைத் திறந்தான். நான் கேட்கவில்லை, ரெய்னோவும் கேட்கவில்லை.

"இந்த வருஷம் சத்தமில்லாத வாணம் வாங்கலாம்டா. வெறும் கலர்தான். எத்தனையோ ஊர்ல வந்தாச்சு. நான் கமிட்டியில பேசறேன்."

"அழைப்பு வேட்டு?" என்று கேட்டது நான்தான். நானும் இந்த ஊர்க்காரிதானே, எனக்குத் தெரியாதா.

"அதுக்குப் பதிலா தீயணைப்பு வண்டி ஹாரனை மூணு தடவை அடிச்சிட்டாப் போச்சு. கூப்பிடறதுதானே வேணும்?"

கமிட்டியில் பேசினான். சண்டை போட்டு ஒப்புதலும் வாங்கினான். அந்த ராத்திரி அவனைக் கட்டிக்கொண்டு, இப்படி ஒரு மனுஷன் எனக்குக் கிடைத்தானே என்று சொன்னேன். ஆமாம், சொன்னேன். இப்போது நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன செய்ய?

விழாவுக்கு முந்தின வாரம் ரெய்னோ தீயணைப்பு நிலையத்துக்கே போய் அந்த ஹாரனைக் கேட்டான். நானும் கூடப் போனேன். முதல் தடவை அடித்தபோது அவன் தோள் தூக்கிப் போட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது தடவை நின்றான். மூன்றாவதற்கு என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "அக்கா, நீ பஸ்ல அடிக்கிற ஹாரனுக்கு இது எவ்வளவோ தேவலாம்" என்றான்.

பிறகு லோவெலிடம் போய்க் கையை நீட்டினான். "வேற எதுவும் கிடையாதே?"

"கிடையாது."

"எங்கயும்?"

"டேய், ஒவ்வொரு திரியும் என் கையாலதான் பத்தப்போகுது. நான் சொல்றேன், நீ வா."

கையைக் குலுக்கிக்கொண்டார்கள். இதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

விழா நாள் வந்தது. ஏரி அலையில்லாமல் கிடந்தது. நானும் ரெய்னோவும் பூங்காவுக்குள் காலை வைத்ததுதான் தாமதம், ஆளுக்கு ஆள் ஓடி வந்தார்கள். ஏலக்காய் ரொட்டி விற்கும் லோர்னா, ஒரு துண்டு ருசி பார்க்கக் கேட்டாலே முகத்தைச் சுளிக்கிறவள், ஒரு முழு ரொட்டியைத் துணியில் சுற்றி ரெய்னோ கையில் திணித்து, "உனக்குத்தான்டா கண்ணு, வாங்கிக்கோ" என்றாள். இரும்புக்கடைக்காரர் அவனுடைய மடக்கு நாற்காலியைப் பிடுங்கித் தானே தூக்கிக்கொண்டு மேடைவரை வந்தார். பாதிரியார் என் கையைப் பிடித்து, "உங்க ரெண்டு பேருக்காகவும் ஜெபம் பண்ணிட்டிருக்கோம்" என்றார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. பார்த்தாயா, என் ஊர் என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டேன்.

ஜாய்ஸ் அவனை வரிசையின் நடுவிலிருந்து மாற்றி, படிக்குப் பக்கத்தில் கடைசி நாற்காலியில் உட்கார வைத்தாள். ஹார்வி கிழவரின் நாற்காலியையும் இழுத்து அவன் பக்கத்தில் போட்டாள்.

"எதுக்கு?" என்று ரெய்னோ கேட்டான்.

"இங்கதான் நல்லா காத்து வரும். இஷ்டப்பட்டா சட்டுனு எறங்கிப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வரலாம்" என்றாள் ஜாய்ஸ். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் நோட்டுக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் கம்பளியில் வந்து உட்கார்ந்தேன். லோர்னாவின் கம்பளி எனக்கு அடுத்தது. அவள் என் முதுகைத் தடவி, "தைரியமா இரு ஐலா, ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்றாள். இரண்டாவது பாட்டில் ரெய்னோ தனியாக வாசிக்க ஒரு சின்னப் பகுதி இருந்தது. அதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "அவனுக்கு ஒண்ணும் பயமில்ல, எனக்குத்தான் பயம்" என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பேண்டு தொடங்கியது. முதல் பாட்டு ஒரு வேகமான மார்ச். ரெய்னோ கன்னம் உப்ப வாசித்தான். வெள்ளைச் சட்டை அவனுக்குக் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருந்தது. அதைப் பிடித்துத் தைக்கத்தான் வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தேன், தீயணைப்பு நிலையத்து மீன் விருந்துக்குக்கூட நாங்கள் இரண்டு பேரும் போகவில்லை. அவன் குழலை நீட்டும்போதெல்லாம் அது சாயங்கால வெயிலில் மின்னியது. பாட்டு முடிந்ததும் கூட்டம் கைதட்டியது. அவன் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, டிராம்போனை லேசாகத் தூக்கிக் காட்டினான். நான் எழுந்து நின்று விசிலடித்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நிமிஷம் ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அடுத்தது ஹாரன். வழக்கமாக அழைப்பு வேட்டு வரும் நேரத்தில் ஊரே ஏரிப்பக்கம் திரும்பி உட்காரும். அன்று ஒரு தலைகூட ஏரிப்பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்று நான் திரும்பினேன். லோர்னா தன் மகள் குழந்தையை மடியில் இறுக்கி, அதன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். அதற்கு அப்பால் இன்னொருத்தி. அதற்கு அப்பால் இன்னொருத்தன், அவன் மகனுடைய காதை. ஒரு ஹாரனுக்கு யார் பிள்ளையின் காதைப் பொத்துவார்கள்?

"ரெய்னோ!" என்று கத்தினேன். அதற்குள் முதல் வேட்டு வெடித்துவிட்டது.

அந்தச் சத்தம் ஏரியில் பட்டுத் திரும்பி நெஞ்சில் இடிக்கும். அது ஓயும் முன்னால் ரெய்னோ நாற்காலியில் இல்லை. அவன் தரையில் ஒளியவில்லை, படியில் இறங்கி ஓடவும் இல்லை. ஹார்வி கிழவரை டியூபாவோடு சேர்த்து இழுத்துக் கீழே தள்ளி, அவர்மேல் கவிழ்ந்து படுத்து, தன் இரண்டு கையாலும் அந்த வழுக்கைத் தலையை மூடிக்கொண்டான். இரண்டாவது வேட்டு. அவன் "தலையத் தூக்காத! தலையத் தூக்காத!" என்று கத்துவது பூங்கா முழுக்கக் கேட்டது. மூன்றாவது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. மேடையில் ரெய்னோவுக்கு அடியிலிருந்து ஹார்வி கிழவரின் குரல் மட்டும், "என்னப்பா, நான் விழுந்துட்டேனா?" என்றது. அந்த ஊரில் அந்த வேட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத இன்னொரு ஜீவன் அவர்தான், பாவம்.

நான் கம்பளிகளை மிதித்துக்கொண்டு ஓடினேன். ரெய்னோ மெல்ல எழுந்தான். கிழவரை எழுப்பி உட்கார வைத்தான், அவர் சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டினான். சுற்றிலும் பார்த்தான். அப்போதுதான் எவனோ கைதட்ட ஆரம்பித்தான். ஒருவன் தட்டியதும் பத்துப் பேர், பத்துப் பேர் தட்டியதும் ஊரே எழுந்து நின்று கைதட்டியது. சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆதரவு காட்டுகிறார்களாம்! ஒருத்தனை முதுகில் குத்திவிட்டு, அவன் எவ்வளவு அழகாக விழுந்தான் என்று கைதட்டுவது எந்த ஊர் நியாயம்? எனக்கு அந்தக் கூட்டத்தின் மேல் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

அவன் டிராம்போனை நாற்காலியில் வைத்துவிட்டுப் படியிறங்கினான். நான் அவன் கையைப் பிடித்தேன். வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். என் பிக்கப்பின் கதவைத் திறக்கும்போது லோவெல் தீயணைப்புச் சட்டையோடு மூச்சு வாங்க ஓடி வந்தான். உடம்பெல்லாம் மருந்து வாசம்.

"அவ்வளவுதான்! முடிஞ்சுது ரெய்னோ! இனிமே ஒரு சத்தமும் கிடையாது, சத்தியமா. ராத்திரி வாணம் எல்லாம் சத்தமில்லாததுதான். நீ திரும்பி வந்து வாசிக்கலாம்."

"நீயா போட்டே?" என்று நான் கேட்டேன். யாரோ அவனுக்குத் தெரியாமல் போட்டுவிட்டார்கள் என்று அவன் சொல்வான் என ஒரு நப்பாசை எனக்கு இருந்தது.

அவன் தரையைப் பார்த்தான். "வியாழக்கிழமை நிலையத்துல கிழவனுங்க எல்லாம் கூடிட்டாங்க ஐலா. வாணம் எப்படி வேணா இருக்கட்டும், அழைப்பு வேட்டு இல்லைன்னா படையை விட்டே போறோம்னாங்க. எங்கப்பா போட்ட வேட்டு. நான் தலைவனா இருக்கும்போது நின்னா நல்லாவா இருக்கும்? மூணே மூணுதானேன்னு..."

"அதை எங்ககிட்ட சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொன்னா இவன் வரமாட்டான். இவன் இல்லாம ரெண்டாவது பாட்டை எப்படி வாசிக்கறதுன்னு ஜாய்ஸ் அழுதா. மூணு வேட்டுக்குத் தாங்கிடுவான், அப்புறம் பழகிடும், இவனுக்கே நல்லதுன்னு எல்லாரும்தான் பேசி முடிவு பண்ணோம்."

"எல்லாருமா?"

"வெள்ளிக்கிழமை மீன் விருந்துல. உங்க ரெண்டு பேர்கிட்டயும் வாயத் திறக்க வேண்டாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

ரொட்டி, நாற்காலி, ஜெபம், முதுகைத் தடவிய கை. ஒவ்வொன்றாக எனக்கு விளங்கியது. ஊர் முழுக்க உட்கார்ந்து மீன் தின்றுகொண்டே என் தம்பியைப் பங்குபோட்டிருக்கிறது. இவன் அந்த ராத்திரி வீட்டுக்கு வந்து, நான் சட்டை தைப்பதைப் பார்த்துக்கொண்டே, "நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறான்.

ரெய்னோ கத்துவான், அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நான் தடுத்திருக்கமாட்டேன். அவன் மிகவும் நிதானமாகப் பேசினான்.

"சொல்லியிருந்தா வந்திருப்பேன் லோவெல்."

லோவெல் தலையை நிமிர்த்தினான்.

"முதல் பாட்டு முடிஞ்சதும் மூணு வேட்டுன்னு சொல்லியிருந்தா, பல்லைக் கடிச்சிக்கிட்டு, நாற்காலியப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். ஹாரனுக்குப் பழகின மாதிரி இதுக்கும் பழகியிருப்பேன். வரும்னு தெரிஞ்சா தாங்கலாம்டா. அங்கயும் சத்தத்துனால எங்களுக்கு ஒண்ணும் ஆகல. ரோட்டுல குண்டு எதுவும் இல்ல, தைரியமா போங்கன்னு ஒருத்தன் சொன்னான். அவன் எங்க ஆளு. அவனை நம்பித்தான் போனோம்."

அவன் அந்தச் சண்டையைப் பற்றி என் காதுபடப் பேசியதெல்லாம் அந்த நாலு வரிதான். அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

லோவெல் அழ ஆரம்பித்தான். "நல்லதுக்குன்னு நெனச்சேன்டா" என்றான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் என் பாடு சுலபமாகியிருக்கும்.

ரெய்னோ என் பக்கம் திரும்பினான். என்னை ஏற இறங்கப் பார்த்தான். தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"அக்கா. உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுடா! அம்மா சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா உன்னை இங்க கூட்டிட்டு வந்திருப்பேனா?"

"லோர்னாவுக்குத் தெரிஞ்சிருக்கு. பாதிரியாருக்குத் தெரிஞ்சிருக்கு. இரும்புக்கடைக்காரனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு."

"எனக்குத் தெரியாது."

"அவன் உன் வீட்டுலதானே படுக்கறான்."

என் நெஞ்சைப் பிளந்து காட்டவா முடியும்? நான் லோவெலைப் பிடித்து உலுக்கினேன். "சொல்லித் தொலையேன்! எனக்குத் தெரியாதுன்னு அவன்கிட்ட சொல்லு!"

"அவளுக்குத் தெரியாது ரெய்னோ" என்றான் லோவெல். "சத்தியம். நான்தான் மறைச்சேன். நான் சொல்றேன், நம்பு."

ரெய்னோ அவன் முகத்தைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். லேசாகத் தலையாட்டினான். எனக்குச் சாட்சி சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒருத்தன்தான் இருந்தான், அவன் வாயிலிருந்து வந்ததாலேயே அந்தச் சாட்சி செல்லாமல் போய்விட்டது. நான் வாய்விட்டு அழுதேன். அவன் என்னைத் தேற்ற வரவில்லை. சின்ன வயதிலிருந்து நான் அழுதால் முதலில் ஓடி வருகிறவன் அவன்.

"வண்டியில ஏறுடா. குடிலுக்குப் போயிடலாம். இப்பவே" என்றேன்.

"வேண்டாம்."

"சரி, உன் வீட்டுலயாவது விடறேன்."

அவன் வண்டிகளுக்கு நடுவே நடந்தான். ஒவ்வொரு வண்டியாகப் பின்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டே போனான். எதைத் தேடுகிறான் என்று எனக்கு முதலில் புரியவில்லை. கடைசி வரிசையில் வெளி மாநிலமான இலினாயின் நம்பர் போட்ட ஒரு கார் நின்றது. விடுமுறைக்கு வந்த ஒரு கணவனும் மனைவியும், வேட்டுச் சத்தத்தில் மிரண்டு வீறிட்ட கைக்குழந்தையைச் சமாதானப்படுத்த முடியாமல் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ரெய்னோ அவர்களுக்கு நாலடி தள்ளியே நின்றான்.

"நீங்க இந்த ஊர்ல யாருக்காவது உறவா?" என்று கேட்டான்.

"இல்லீங்களே. இன்னிக்கு மத்தியானம்தான் வந்தோம். ஏன்?" என்றான் அந்தக் கணவன்.

"ஒண்ணுமில்ல. நெடுஞ்சாலை முக்கு வரைக்கும் என்னையும் ஏத்திக்கிறீங்களா?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் பின்னிருக்கையில் இருந்த பைகளை ஒதுக்கி இடம் செய்தாள். ரெய்னோ ஏறி உட்கார்ந்தான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். லோவெலும் எனக்குப் பின்னால் வந்தான். அந்தப் பெண் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, கதவைப் பிடித்தபடியே உள்ளே குனிந்து, "இவங்க உங்க வீட்டுக்காரங்களா? இவங்களுக்காகக் கொஞ்சம் நிக்கணுமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றான் என் தம்பி. "அவங்க இந்த ஊர்க்காரங்க."